கன்ட்ரோல்-சி அடித்தால் நிற்க வேண்டாமா?

வன்னியில் மாங்குளத்திலிருந்து உள்ளுக்கு இருப்பவர்களுக்குத் தெரியும், மழை இருட்டினாலே இணையம் படுத்துவிடும். எந்த சேர்வர் எட்டுகிறது என்று பார்க்க, ஒவ்வொன்றாகப் பிங் (சேர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் புரோகிராம்) அடிக்கும் சின்ன பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன்; பாஷ் என்பது நாம் எழுதும் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் புரோகிராம். போதுமென்று, ஓடுவதை நிறுத்தும் கன்ட்ரோல்-சி விசைகளை அடித்தால், பிங் தன் கணக்கை அச்சிட்டுவிட்டுப் போகிறது. ஸ்கிரிப்ட் நிற்காமல் அடுத்த சேர்வருக்குத் தாவுகிறது. திரும்ப அடி, திரும்ப அடுத்தது. குசினிக்குள் வந்த கோழியைக் கலைக்கிற வேலைதான்.

பாஷை மட்டும் திட்டவும் முடியாது. கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்இன்ட் என்ற ‘நிறுத்து’ சிக்னல், முன்னால் ஓடுகிற புரோகிராம் குழு முழுவதற்கும் போகும், பாஷுக்கும்தான். ஆனால் பாஷ், தான் ஓட்டிவிட்ட பிள்ளை புரோகிராம் எப்படி முடிந்தது என்று பார்த்துத்தான் தானும் சாகும். பிங்கோ சிக்னலைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல எக்ஸிட் ஆகிறது. சிக்இன்டால் முடிந்ததைக் குறிக்கும் 130 என்ற எண்ணைத் திருப்பிக் கொடுத்தாலும் பாஷ் நம்பாது. பிங் சிக்னலால்தான் செத்திருக்க வேண்டும். கணக்கை அச்சிட்ட பிறகு பிங், சிக்னலைப் பிடிக்கும் தன் ஹேண்ட்லரைப் பழையபடி மாற்றி, அதே சிக்னலைத் தனக்கே அனுப்பினால் சரி. இரண்டே வரி! பிங்கை எழுதியவர்களுக்கு அதை எழுதவும் பஞ்சி. சிக்னல் வந்தால் ஸ்கிரிப்டையே முடிக்கச் சொல்லும் ட்ராப் கட்டளையை ஸ்கிரிப்டில் போடலாம்தான், ஆனால் யாரோ விட்டதற்கு ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் நான் ஏன் போட வேண்டும்? இப்போதைக்கு கன்ட்ரோல்-இசட் அடித்து இடைநிறுத்தி, அப்புறம் கில் கட்டளையால் முடித்துக்கொண்டிருக்கிறேன்.