நிறம் ஏற்றுமுன் நகையைப் பாருங்கள்

பழைய நாடக, நாட்டியக் கலைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் செயலியில் நிறம் ஏற்றிப் பகிர்கிறார்கள். ஆசையோடுதான் செய்கிறார்கள், ஆனால் முதலில் பாழாவது நகை. தான் யார், எந்த நிலையில் இருக்கிறேன் என்று அந்தக் கலைஞர் சொன்னதே நகையில்தான்.

1920கள் வரை ஸ்டூடியோக்களில் பரவலாகப் புழங்கிய புகைப்படக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. கெம்பு என்ற சிவப்புக்கல் கறுப்பாக விழும், குங்குமம் மைப்பொட்டாகிவிடும். தங்கம் மங்கிக் கறுக்கும், நீலக்கல் வெளுக்கும். செயலிக்கு இது தெரியாததால் தலைச்சாமான் எனப்படும் தலைநகைகள் முழுக்கக் கறுமணி பதித்ததுபோல் ஆக்கிவிடுகிறது. பின்னந்தலையில் அணியும் ராக்கொடியில் கல் கறுத்து, சுற்றிலும் வெள்ளைப் புள்ளியாக முத்து தெரிந்தால் அது பெரும்பாலும் கெம்புதான்.

படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கண்ணாடித் தகட்டை மாற்றிவைத்துப் பிரதி எடுத்தால் அப்படி ஆகும். நாட்டியக்காரர் தலையில் அணியும் நகைகளில் சூரியன் அவருடைய வலப்பக்கம், பிறை வடிவச் சந்திரன் இடப்பக்கம். பிறை வலப்பக்கம் இருந்து, முந்தானையும் வலத்தோளில் விழுந்தால் படம் திரும்பிவிட்டது என்றே கொள்ளலாம்.

ஆண்கள் படங்களில் மெடலை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பகிர்வது எனக்குப் பொறுக்கவில்லை. நாடக நடிகர் கோட்டில் குத்திய மெடலும், நாதஸ்வர வித்வான் கையில் போட்ட தோடா என்ற காப்பும் வெறும் அலங்காரமா? சமஸ்தானமும் ஜமீனும் ரசிகர்களும் சபையில் செய்த மரியாதை அது. பட்டயம் போல அணிந்துகொண்டுதான் படமெடுக்க உட்கார்ந்தார்கள்.

நகை இல்லாததும் பேசும். கே.பி. சுந்தராம்பாளைப் பாருங்கள். 1933 டிசம்பரில் அவருடைய கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பின் வெள்ளைக் கதர்ச்சேலையும் திருநீறும்தான். ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்தார். 1935இல் வந்த திரைப்படத்தில் நந்தனாராக நடிக்க ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியவர். வசதியில்லாமல் நகையைத் துறக்கவில்லை. அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றில் சேலைக்கு அரக்குச் சிவப்பும் கழுத்துக்குத் தங்கமும் ஏற்றுவது அவர் எடுத்த முடிவையே அழிப்பதாகும்.

வீட்டில் இப்படிப்பட்ட படம் இருந்தால் அது ஒட்டியிருக்கும் அட்டையோடு, ஸ்டூடியோ முத்திரை தெரியும்படி 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். நிறம் ஏற்றுவதென்றால் நகலில் ஏற்றி, மூலத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.