20 ஆயிரம் ரூபாயோட கேமரா வாங்க வர்றவங்களை மொட்டையடிக்காதீங்கய்யா

ஆன்லைன்ல "டிஜிட்டல் கேமரா"ன்னு தட்டி, விலை கம்மியானது முதல்ல வர்ற மாதிரி அடுக்கிப் பாருங்க. பக்கம் முழுக்க 48 மெகாபிக்சல், 64 மெகாபிக்சல், 4கே வீடியோ, 16எக்ஸ் ஜூம். விலை 5 ஆயிரம், 7 ஆயிரம். எல்லாம் ஒரே அச்சுல வார்த்த உடம்பு, மேல ஒட்டின பேர் மட்டும் வேற வேற. விஸ்காம் சேர்ந்த பொண்ணு, ஊர்த் திருவிழாவைப் படம் எடுக்க ஆசைப்படுற பையன், பேத்தியைப் படம் எடுக்கணும்னு பென்ஷன் பணத்துல ஒதுக்கி வெச்ச பெரியவர், எல்லார் தலையிலயும் இதைத்தான் கட்டுறாங்க. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது.

அந்த 48 பொய்க் கணக்கு. உள்ள வெளிச்சத்தைப் படமா மாத்துற சில்லு, அதாவது சென்சார், பெரும்பாலும் 13 மெகாபிக்சல், இல்லைன்னா அதுக்கும் கீழ. 13 மெகாபிக்சல்னா படம் 4160-க்கு 3120 புள்ளி. அதை எடுத்து, நடுநடுவுல இல்லாத புள்ளிகளை சாஃப்ட்வேர் ஊகிச்சு நிரப்பி, 8000-க்கு 6000-னு ஃபைலை ஊதிப் பெருசாக்குது. சோதிக்கிறது ரொம்ப சுலபம். தெருவுக்கு எதிர்ல இருக்கிற கடைப் பலகையை மெனுவுல 12 வெச்சு ஒரு படம், 48 வெச்சு ஒரு படம் எடுங்க. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல பெருசாக்கி, பலகையோட அடியில இருக்கிற போன் நம்பரைப் படிங்க. 12-ல படிக்க முடியாத எண் 48-லயும் படிக்க முடியாது. மாவு பூசின மாதிரி இன்னும் கொஞ்சம் குழைஞ்சுதான் இருக்கும். மெமரி கார்டுல இடம் மட்டும் கூடுதலா போகும்.

ஜூமும் அதே கதைதான். லென்ஸைச் சுத்தி எழுதியிருக்கிறதைப் படிங்க. நிஜமான ஜூம் லென்ஸ்ல ரெண்டு எண் இருக்கும், நடுவுல கோடு போட்டு. ஒரே ஒரு எண்தான் இருக்குன்னா அங்க ஜூமே கிடையாது. 16எக்ஸ்னு போட்டிருக்கிறது படத்தோட நடுப்பகுதியை வெட்டிப் பெருசாக்கிக் காட்டுற வேலை. அதை உங்க போன்லயே ரெண்டு விரலால பண்ணலாம்.

இதுல பெரிய கொடுமை, படத்தோட தரத்தைத் தீர்மானிக்கிற சென்சார் அளவைப் பெட்டி மேல யாரும் பெருசா அச்சடிக்கிறதே இல்லை. சாதாரண சின்ன கேமராவுல இருக்கிற 1/2.3 அங்குல சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். லென்ஸ் மாத்துற கேமராக்கள்ல வர்ற ஏபிஎஸ்-சி அளவு சென்சார் நிக்கான், சோனியில 23.5-க்கு 15.6. பரப்புல 13 மடங்கு. கேனான்ல கொஞ்சம் சின்னது, 22.3-க்கு 14.9. பரப்பு கூடினா விழுற வெளிச்சம் கூடும், இருட்டுல புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸ் குறையும். இப்ப வர்ற நடுத்தர விலை போன்கள்ல பலதோட மெயின் கேமரா சென்சாரே 1/2.3-ஐ விடப் பெருசு. அதனால 10 ஆயிரம்தான் இருக்குன்னு வர்றவங்ககிட்ட நேர்மையா சொல்ல வேண்டியது ஒண்ணுதான்: புது கேமரா வாங்காதீங்க, போன்லயே எடுங்க. கோடக் பிக்ஸ்ப்ரோ மாதிரி நிஜமான ஆப்டிகல் ஜூம் இருக்கிற சின்ன கேமராக்கள் மோசடி இல்லை. ஆனா சாயங்காலம் வீட்டுக்குள்ள அதுல எடுக்கிற படம் போனை ஜெயிக்காது. இதைச் சொன்னா வியாபாரம் போயிடும்னு எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டேங்குறாங்க.

அடுத்தது "காம்போ". ஒரு பாடி, 18-55 கிட் லென்ஸ் (கேமராவோடவே வர்ற ஜூம்; எம்எம் எண் கூடக் கூடத் தூரத்துல இருக்கிறது கிட்ட தெரியும்), கூடவே தூரத்துல இருக்கிறதை எடுக்க ஒரு டெலி லென்ஸ், பை, 16 ஜிபி கார்டு, காத்துக்கே ஆடுற ட்ரைபாட், லென்ஸ் துடைக்கிற துணி. பட்டியல் நீளமா இருக்கிறதால மலிவா தெரியுது. டெலி லென்ஸ்ல ஐஎஸ், விஆர்னு (கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி) எழுத்து இருக்கான்னு யாரும் பார்க்கிறதில்லை. நிக்கானோட ஏஎஃப்-பி 70-300 விஆர் இருக்கிறதும் வருது, இல்லாததும் வருது. இல்லாத லென்ஸை 300-ல வெச்சுக் கையில பிடிச்சு எடுக்கணும்னா ஷட்டர் திறந்து மூடுற வேகம் 1/450 செகண்டாவது வேணும். மண்டபத்துக்குள்ள அந்த வேகம் எங்கிருந்து வரும்? முன்னாடி மாட்டுற 58 எம்எம் "வைட்", "டெலி" கண்ணாடியை இலவசம்னு கொடுத்தா வாங்கி ஓரமா வெச்சிடுங்க. மாட்டினா படத்தோட நாலு மூலையும் கரைஞ்சு போகும்.

அந்த டெலி லென்ஸுக்குப் போற பணம் எங்க போயிருக்கணும் தெரியுமா? எஃப் 1.8 லென்ஸுக்கு. எஃப் எண் சின்னதா இருந்தா லென்ஸோட வாய் பெருசு, உள்ள வர்ற வெளிச்சம் அதிகம். கிட் லென்ஸ் முகப்புல "18-55 எம்எம் 1:3.5-5.6"னு இருக்கும். 55-க்குப் போனா அது எஃப் 5.6. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட 9 மடங்குக்கு மேல வெளிச்சம் வாங்கும். கிட் லென்ஸ்ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவு, அது ஏறினா நாய்ஸும் ஏறும்) 6400 தேவைப்படுற அதே இடத்துல, அதே ஷட்டர் வேகத்துல, இதுல 640 போதும். கேனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், நிக்கான் 35 எம்எம் எஃப் 1.8ஜி டிஎக்ஸ், ரெண்டுமே அந்தந்த கம்பெனி வரிசையில விலை குறைஞ்ச லென்ஸ்கள். ஆனா 50-ஐத் தூக்கிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, எதை எடுக்கப் போறீங்கன்னு கேக்கணுமே? கேனான் ஏபிஎஸ்-சி பாடியில 50 மாட்டி, 5 மீட்டர் அகலத்துக்கு நிக்கிற குடும்பத்தைப் பிடிக்கணும்னா 11 மீட்டர் பின்னால போகணும். எந்த வீட்டு ஹால்ல அவ்வளவு இடம் இருக்கு? அங்க 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம்தான் சரி, ஐந்தரை மீட்டர் போதும். 50 ஒருத்தர் ரெண்டு பேர் முகத்துக்கு.

நிக்கான் வாங்குறவங்களுக்கு இன்னொரு குழி வெட்டி வெச்சிருக்காங்க. டி3500, டி5600 மாதிரி பாடிகள்ல ஃபோகஸ் மோட்டார் கிடையாது, லென்ஸ்லதான் இருக்கணும். "50 எம்எம் எஃப் 1.8டி, விலை கம்மி"ன்னு கட்டிவிடுறாங்க. வீட்டுக்குப் போய் மாட்டினா ஆட்டோ ஃபோகஸ் வேலையே செய்யாது. லென்ஸ் பேர்ல ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி இருக்கணும். பழைய 'டி' லென்ஸ்தான் வேணும்னா டி7000, டி7200 வரிசைக்குப் போகணும். அஞ்சு செகண்ட்ல சொல்ல வேண்டிய விஷயம் இது. தெரிஞ்சே சொல்லாம விக்கிறதை என்னன்னு சொல்றது?

"டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சு, மிரர்லெஸ் எடுங்க"ன்னு இப்ப புதுசா ஒரு நெருக்கல். உள்ள கண்ணாடி வெச்சது டிஎஸ்எல்ஆர், அது இல்லாதது மிரர்லெஸ். மிரர்லெஸ் நல்லதுதான், மறுக்கலை. ஆனா மலிவா கிடைக்குதுன்னு காட்டுற கேனான் ஆர்100-ல டச் ஸ்கிரீன் இல்லை, திரை திரும்பாது, 4கே-ல காட்சி வெட்டுப்படும், அதுல முகத்தைச் சட்டுன்னு பிடிக்கிற டூயல் பிக்சல் ஃபோகஸும் வேலை செய்யாது. யூடியூப் ஆரம்பிக்கப் போற பிள்ளைக்கு இதை வித்தா, தன் முகம் ஃபோகஸ்ல இருக்கான்னு அது எப்படிப் பார்க்கும்? பட்ஜெட் இறுக்கமா இருக்கிறவங்களுக்கு வீடியோவும் வேணும்னா பழைய கேனான் 200டி போதும். டூயல் பிக்சல் ஃபோகஸ், திரும்புற டச் திரை ரெண்டும் அதுல இருக்கு. படம் மட்டும்னா நிக்கான் டி5300, டி5600. பாடிக்கு மொத்தப் பணத்துல பாதிக்கு மேல போகாம பார்த்துக்கோங்க. மீதியில லென்ஸ், ஒரு ஒரிஜினல் பேட்டரி, வீடியோவுக்கு வேகம் போதுற 64 ஜிபி வி30 கார்டு. கார்டு வாங்கினதும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல முழுக்க எழுதிப் படிச்சுப் பாருங்க. 64-னு ஒட்டி உள்ள 8 மட்டும் இருக்கிற போலிகள் தாராளமா சுத்துது.

பழசுன்னா ஷட்டர் கவுண்ட்ல, அதாவது இதுவரைக்கும் எத்தனை கிளிக் ஆச்சுங்கிற கணக்குல, விளையாடுவாங்க. "பாருங்க, படம் நம்பர் 0345-தான்"னு காட்டுவாங்க. அந்த நம்பர் 9999 ஆனதும் மறுபடி முதல்ல இருந்து ஓடும், மெனுவுலயே மாத்தியும் விடலாம். கல்யாண ஸ்டுடியோ கேமராவுல ஒரே கல்யாணத்துக்கு ரெண்டாயிரம், மூவாயிரம் கிளிக் சாதாரணம். நிக்கான்ல புதுசா ஒரு ஜேபெக் எடுத்து வாங்கி, அந்த ஃபைலுக்குள்ளயே பதிவாகியிருக்கிற எக்ஸிஃப் தகவல்ல கவுண்ட் பார்க்கலாம். டி5600-க்குக் கம்பெனி சொல்ற ஷட்டர் ஆயுள் 1 லட்சம் கிளிக், டி7200-க்கு 1.5 லட்சம். பெரும்பாலான கேனான் மாடல்கள் ஜேபெக்ல கவுண்ட் எழுதாது, கம்ப்யூட்டர்ல யுஎஸ்பி போட்டுத்தான் படிக்கணும். அதனால "கேனான்ல பார்க்க முடியாது சார்"ங்கிற பேச்சை நம்பாதீங்க, லேப்டாப்போட போங்க.

லென்ஸைக் கழட்டி, பின்பக்கம் இருந்து போன் டார்ச் அடிச்சு, முன்பக்கம் வழியா சாய்வாப் பாருங்க. ரெண்டு மூணு தூசி இருந்தா பரவாயில்லை. ஓரத்துல இருந்து மெல்லிய வேர் மாதிரி கிளை விட்டிருந்தா அது பூஞ்சை, வேண்டாம். கண்ணாடி முழுக்கப் புகை படிஞ்ச மாதிரி இருந்தாலும் வேண்டாம். அப்புறம் லென்ஸைத் திரும்ப மாட்டி, எஃப் 22 வெச்சு வெறும் வானத்தைப் படம் எடுங்க. மங்கலான கறுப்புப் புள்ளி தெரிஞ்சா அது சென்சார் மேல இருக்கிற தூசி, துடைச்சா போகும். துடைச்சும் போகாத கோடுன்னா சென்சார் மேல கீறல்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஈரத்துல பூஞ்சை வர்றதுக்கு அந்த இலவசப் பையும் ஒரு காரணம். உள்ள இருக்கிற ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். பை வெளியில தூக்கிட்டுப் போகத்தான். வீட்டுல காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, 40-ல இருந்து 50 சதவீதம். சில நூறு ரூபாய்ல முடியுற இந்த விஷயத்தைச் சொல்லாம, பத்து மாசம் கழிச்சு "லென்ஸ் சர்வீஸ்"னு ஆயிரக்கணக்குல கறக்குறாங்க.

புதுசு வாங்கினாலும் பெட்டியைத் திருப்பிப் பாருங்க. இறக்குமதி பண்ணினவங்க பேர், முகவரி, எம்ஆர்பி மூணும் அச்சாகியிருக்கணும், அது சட்டம். அது இல்லாத பெட்டி, கம்பெனி வழியா இல்லாம வேற வழியில இறக்கின கிரே மார்க்கெட் சரக்கு. சர்வீஸ் சென்டர்ல இந்திய வாரண்டின்னு போய் நின்னா திருப்பி அனுப்புவாங்க. பாடி, லென்ஸ் ரெண்டோட சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லுல ஏறணும். "பில் போட்டா 18 சதவீதம் கூடும்"னு சொன்னா அந்தக் கடையை விட்டு இறங்கிடுங்க. எம்ஆர்பின்னா எல்லா வரியும் சேர்ந்த விலை. அதுக்கு மேல வரி கேக்க யாருக்கும் உரிமை கிடையாது.