நம்பிக்கை மனப்பான்மைக்கு 21 நாள் கெடு உண்டா?

“தினமும் இரவில் மூன்று நல்ல விஷயங்களை எழுதினால் 21 நாளில் மனம் நம்பிக்கைக்குப் பழகிவிடும், ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்” என வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது.

பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆவதாக 1960-இல் எழுதியதிலிருந்தே இந்த எண் பரவியது. ‘குறைந்தது’ என்ற சொல் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவோடு ஒரு பழம் உண்பது போன்ற எளிய செயல்கள் தன்னியல்பாக மாற 18 முதல் 254 நாள் வரை, சராசரியாக 66 நாள், ஆகும் எனக் கணிக்கப்பட்டது. (நம்பிக்கை மனப்பான்மையை அந்த ஆய்வு அளக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.) ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதில் தெரிந்ததால், நேற்றிரவு எழுதாமல் தூங்கிப்போனவர் இன்று விட்ட பக்கத்திலிருந்தே தொடரலாம்.