340-இல் எத்தனை பத்துகள்?

மூன்றாவது, நாலாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: 340-இல் மொத்தம் எத்தனை பத்துகள்? பெரும்பாலும் 'நாலு' என்றுதான் பதில் வரும். திட்டாதீர்கள். பத்துகள் இடத்தில் என்ன இலக்கம் என்று கேட்டுக் கேட்டே பழக்கியிருக்கிறோம், அதற்கு நாலு சரிதான். மொத்தம் எத்தனை என்றால் 34.

340-இல் உள்ள 4-க்கு முகமதிப்பு (இலக்கத்தின் சொந்த மதிப்பு) 4, இடமதிப்பு (நிற்கும் இடத்தால் வரும் மதிப்பு) 40 என்று எழுதினால் மார்க் கிடைத்துவிடும். ஆனால் இடமதிப்பின் உயிர், பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு நடுவே உள்ள உறவில் இருக்கிறது. வலப்பக்கத்துப் பத்து சேர்ந்தால் இடப்பக்கத்து ஒன்று. இடப்பக்கத்து ஒன்றைப் பிரித்தால் வலப்பக்கத்துப் பத்து. இந்தப் போக்குவரத்தை நாம் சொல்லித் தருவதே இல்லை என்பது என் ஆதங்கம்.

கழித்தலில்தான் குட்டு உடையும். 302-இல் 147 போக எவ்வளவு? பல பிள்ளைகள் 245 என்று எழுதும். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். நாமோ 'பக்கத்துல கடன் வாங்கு' என்கிறோம். பக்கத்தில் இருப்பதோ சுழியம்! அதற்கும் அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம், பிள்ளை பாதி வழியிலேயே தொலைந்துவிடுகிறது. 302 என்பது 30 பத்தும் 2 ஒன்றும் என்று தெரிந்த பிள்ளைக்கு இந்த அலைச்சல் கிடையாது. ஒரு பத்தைப் பிரித்தால் 29 பத்து, 12 ஒன்று. அதில் 14 பத்தும் 7 ஒன்றும் போனால் 15 பத்து, 5 ஒன்று. விடை 155.

இது கைக்குப் பழக வேண்டும். ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் போதும். பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெரிய கட்டு. கட்டுவதும் அவிழ்ப்பதும் பிள்ளையாகவே இருக்கட்டும். டீச்சர் முன்கூட்டியே கட்டி எடுத்துவந்து காட்டினால் அது வெறும் காட்சிப்பொருள். மணிச்சட்டம் (அபாகஸ்) இதற்கு அப்புறம்தான். அதில் பத்துக்கான மணியும் ஒன்றுக்கான மணியும் ஒரே அளவு, பத்து மடங்கு என்பது கண்ணுக்குத் தெரியாது. தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபின் வகுப்பில் செயல்பாடுகள் கூடியிருப்பது நல்லது. அவிழ்த்துக் கட்ட அவகாசமும் கொடுத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. 'பத்தால் பெருக்கினா பின்னாடி ஒரு சைபர் போடு' என்பதைத் தயவுசெய்து விட்டுவிடலாம். தசமம் வரும்போது அதே பிள்ளை 2.5-ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதும். ஒவ்வோர் இலக்கமும் ஓரிடம் இடப்பக்கம் நகர்கிறது என்று அட்டவணையில் நகர்த்திக் காட்டுங்கள், 25-க்கும் 2.5-க்கும் தனித்தனி விதி தேவைப்படாது.