வாட்ச்மேனிடம் விட்டுச் செல்வதற்குப் பெயர் நாய் வளர்ப்பு அல்ல

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விடுமுறைக்கென வீடு கட்டுகிறவர்களில் சிலர், சுற்றுச்சுவரும் கேட்டும் முடிந்த கையோடு ஒரு ராட்வீலரையோ ஜெர்மன் ஷெப்பர்டையோ வாங்கி, அதை வாட்ச்மேனின் பொறுப்பில் விட்டுவிட்டுச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறார்கள். மாதத்தில் ஓரிரு முறை வந்து தடவிக் கொடுப்பவரை உரிமையாளர் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் நாயோடு ஒரே வீட்டில் இருக்க முடியாதவர், இந்த மலையில் பெரிய நாய் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காவலுக்காக என்கிறார்கள். இங்கே இரவில் வீட்டைச் சுற்றி வருவது திருடனைவிடச் சிறுத்தையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறுத்தைக்கு நாய் இரை. வாசலில் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் நாற்பது கிலோ எடை இருந்தாலும், அதனால் ஓடவும் முடியாது, சுற்றி நின்று எதிர்க்கவும் முடியாது. அதைவிடக் கவலைக்குரியது, ஒரு வீட்டில் எளிதாக இரை கிடைத்த சிறுத்தை அந்தப் பக்கம் மீண்டும் வரும் என்பதும், அடுத்து அது நுழையும் முற்றம் தோட்டத் தொழிலாளர் குழந்தைகள் விளையாடும் லயன் (வரிசைக் குடியிருப்பு) வீட்டு முற்றமாக இருக்கலாம் என்பதும்தான். அவிழ்த்துவிட்டாலும் தீர்வில்லை. தேயிலைக்குள் படுத்திருக்கும் காட்டுமாட்டையோ கரடியையோ நாய் குரைத்துக் கிளப்பிவிட, மிரண்டு வரும் அந்த விலங்கின் எதிரே நிற்பவர் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணாகத்தான் இருப்பார். ஆகவே இருட்டிய பிறகு நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூரையும் நான்கு பக்கமும் உறுதியான கம்பியடைப்பும் கொண்ட கூண்டில் இருக்க வேண்டும்.

பகல் முழுவதும் கட்டியே வைத்திருப்பது குற்றம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாயைத் தொடர்ந்து கட்டியோ அடைத்தோ வைத்து, அதற்குப் போதிய நடையும் ஓட்டமும் தராத உரிமையாளரை 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு வெளிப்படையாகவே குற்றவாளி என்கிறது. ஆனால் முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். அந்தத் தொகை இத்தனை ஆண்டுகளாக மாறாமல் இருப்பதை எண்ணினால் எனக்குக் கோபமே வருகிறது.

பெரிய நாயின் உடலும் தனிக் கவனம் கேட்பது. வேகமாக வளரும் குட்டிக்குச் சத்து போதாதோ என்று கால்சியம் டானிக்கை அளவின்றி ஊற்றினால் எலும்பும் மூட்டும் கெடும்; பெரிய இனக் குட்டிகளின் உடலால் மிகுதியான கால்சியத்தைத் தடுத்துக்கொள்ள முடியாது. வளர்ச்சி முடியும் வரை, அதாவது ஏறத்தாழ ஒன்றரை வயது வரை, படிக்கட்டிலும் செங்குத்துச் சரிவிலும் குதித்து ஓடவிடக் கூடாது. உறைபனி விழும் மாதங்களில் குட்டை முடி கொண்ட கிரேட் டேனையும் ராஜபாளையத்தையும் வெறும் சிமெண்ட் தரையில் படுக்க வைப்பது கொடுமை. எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, ஆழ்ந்த மார்புள்ள இந்த இனங்களுக்கு வரும் வயிற்று உப்புசத்தை. இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொண்டால், சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் நாய் பிழைக்காது. வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், வயிறு இறுகி, நிலைகொள்ளாமல் அலைவதே அதன் அடையாளம். நாளுக்கு ஒரே வேளை வயிறு முட்டச் சோறு போடும் பழக்கம் இந்த ஆபத்தைக் கூட்டும். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் இந்த அடையாளங்களைக் கண்டுகொள்ளவும், மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வண்டி பிடிக்கவும், சிகிச்சைக்கு ஒப்புதல் சொல்லவும் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? சம்பளத்தை நம்பி வாழும் வாட்ச்மேன் உரிமையாளரின் கைபேசிக்கு அழைத்துக்கொண்டே இருப்பார்.

இனங்களைத் தடை செய்வது பற்றிய விவாதம் 2024இல் சூடாக நடந்தது. மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. இனத்தின் மேல் மட்டும் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. என்றாலும் சிறிய நாய் கடித்தால் தழும்போடு போகும் இடத்தில் பெரிய நாய் கடித்தால் உயிரே போகலாம் என்பதால், அதை வைத்திருப்பவரின் கடமை கூடுதலானது. மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரையிலான பருவத்தில் பலவகை மனிதர்களையும் ஓசைகளையும் அமைதியாகச் சந்திக்காத குட்டி, வளர்ந்த பின் குடை பிடித்தவரையும் கூடை சுமந்தவரையும் கண்டு மிரளும். மிரண்ட நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கேட்டுக்குள்ளேயே வளரும் நாய்க்கு அந்தப் பழக்கம் எப்படிக் கிடைக்கும்? நம் ஊர்களில் ஒற்றையடிப் பாதைகள் பங்களா வாசல்களை ஒட்டியே போகின்றன. அங்கே வெளியே கொண்டுவரும்போது கயிறும், தேவையானால் வாய்மூடியும் கட்டாயம். அலட்சியத்தால் நாய் பிறருக்கு ஆபத்து விளைவித்தால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறிநோய்த் தடுப்பு மருந்துக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இருக்கிறது. அந்த ஊரில் ஊசி போடாத வளர்ப்பு நாய் இருப்பது பெரும் குறை. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான ஊசியும் அதே அளவு முக்கியம். 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது அவற்றில் சிலவற்றின் உடலில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. நம் காடுகளில் செந்நாய்கள் வாழ்கின்றன. காட்டோரத்தில் திரியும் நாயிடமிருந்து அவற்றுக்கும் இது தொற்றக்கூடும்.

ஏற்கெனவே நாயை இங்கே விட்டுச் சென்றிருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். முடிந்தால் அதை உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். முடியாதென்றால், ஆண்டு முழுவதும் இங்கே வாழும், பெரிய நாயைக் கையாளத் தெரிந்த ஒரு குடும்பத்தைத் தேடி, தடுப்பூசிச் சான்றுகளோடு ஒப்படையுங்கள். அதுவரை தீவனத்துக்கும் மருத்துவருக்கும் ஆகும் பணத்தை வாட்ச்மேனின் சம்பளத்திலிருந்து அல்லாமல் தனியாக அவர் கையில் கொடுத்து, அவசரத்தில் உங்களைக் கேட்காமலே செலவு செய்ய எழுத்தில் அனுமதி கொடுங்கள்.