ஒரு கப்பலுக்கு நாலு சொந்தக்காரர்கள்

கொலம்பியாவின் கார்ட்டஹேனா பக்கம் கடலுக்கடியில் தங்கம், வெள்ளியோடு கிடக்கும் பழைய ஸ்பானியக் கப்பல் சான் ஹொசே. அதைப் பற்றி எந்தச் செய்தியைத் திறந்தாலும் முதல் வரியில் பொக்கிஷத்தின் மதிப்பாக ஒரு தொகை இருக்கும். ஒன்றில் 400 கோடி டாலர், இன்னொன்றில் 1,700 கோடி, வேறொன்றில் 2,000 கோடி. யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கப்பல் சுமார் 600 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ரோபோ கேமராதான் போய்ப் பார்த்திருக்கிறது.

அந்தக் கேமரா எடுத்த காசுகளின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமாகக்கூட இல்லை. தங்கத்தை வெட்டி, எடை சரிவர ஓரத்தைக் கத்தரித்து, சுத்தியலால் அச்சடித்தவை. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் அலைமேல் நிற்கும் இரண்டு தூண்கள். ஒவ்வொன்றும் 27 கிராம் இருக்கலாம் என்கிறார்கள். மூன்று சவரனுக்கு மேல்! அடித்த இடம் பெருவின் லிமா நாணயச்சாலை, வருடம் 1707. அடுத்த வருடம் ஜூன் 8 மாலையில், சார்லஸ் வேகரின் ஆங்கிலேயப் படையோடு நடந்த சண்டையில் கப்பல் மூழ்கிவிட்டது. உள்ளே சுமார் 600 பேர். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொக்கிஷம் பொக்கிஷம் என்று எழுதுபவர்கள் இந்த 600-ஐ ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

2015-இல் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கொலம்பியா அறிவித்தது. அப்புறம் பஞ்சாயத்து சூடு பிடித்தது. எங்கள் கடல், எங்கள் சொத்து என்கிறது கொலம்பியா. எங்கள் அரசாங்கத்துப் போர்க்கப்பல் என்கிறது ஸ்பெயின். 1980-களிலேயே நாங்கள் இடத்தைக் காட்டிவிட்டோம், 1,000 கோடி டாலர் எடுத்து வை என்று சீ சர்ச் ஆர்மடா என்ற அமெரிக்க நிறுவனம் சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. நாலாவதாக பொலிவியாவின் காரா காரா பழங்குடி மக்கள். செய்திகளில் இவர்களுக்குக் கடைசிப் பத்திதான். என் ஓட்டு இவர்களுக்குத்தான்.

காரணம் பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி மலை. 1545-இல் அங்கே வெள்ளி கிடைத்தது. 1570-களில் ஸ்பெயினின் வைஸ்ராய் டொலேடோ 'மிட்டா' முறையை அங்கே கொண்டுவந்தார்: சுற்றுவட்டார ஊர்களின் ஆண்களில் ஏழில் ஒரு பங்கு வருடாவருடம் சுரங்க வேலைக்குப் போக வேண்டும். பெயருக்குக் கூலி உண்டு. தாதுவை முதுகில் சுமந்து ஏணி ஏணியாக மேலே வர வேண்டும், வெளியே வந்தால் வெள்ளி பிரிக்கும் களத்தில் பாதரசப் புகை. கப்பலில் ஏறிய வெள்ளியில் அந்த மலையின் பங்கு பெரிது. தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து கேட்டால் அதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது?

சட்டத்தில் இது எடுபடாது, தெரியும். மெர்சிடிஸ் கப்பல் வழக்கிலேயே பார்த்தோம். 1804-இல் வெடித்து மூழ்கிய ஸ்பானியக் கப்பல் அது. ஒடிஸி என்ற அமெரிக்க நிறுவனம் 2007-இல் அதிலிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை அள்ளிக்கொண்டு போனது. அமெரிக்க நீதிமன்றம் எல்லாவற்றையும் ஸ்பெயினிடம் கொடுக்கச் சொன்னது. எங்கள் மண்ணில் அடித்த காசு என்று பெரு கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. அள்ளிக்கொண்டு போனவன் கையில் தங்காததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெருவை வெறுங்கையோடு அனுப்பியது இன்னும் உறுத்துகிறது.

2025 நவம்பரில் சான் ஹொசேயிலிருந்து முதல் பொருட்கள் மேலே வந்தன: ஒரு பீரங்கி, ஒரு பீங்கான் கிண்ணம், மூன்று காசுகள். அள்ளாமல் ஒவ்வொன்றாக எடுப்பதில் கொலம்பியாவைப் பாராட்டலாம். நாளை கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்போது பீரங்கிக்குப் பக்கத்தில் கப்பலோடு போன தளபதி காசா அலெக்ரே பிரபுவின் பெயரைத் தாராளமாக எழுதட்டும். வெள்ளிக்குப் பக்கத்தில் 'மிட்டா' என்ற சொல்லும் இருக்க வேண்டும். அந்த அட்டையை எழுதக் காரா காராவிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள், விமான டிக்கெட் செலவுதானே.