ட்ரைபாட் விரித்தால் மட்டும் அனுமதிக் கடிதமா?

சனிக்கிழமை மாலை சிங்கப்பூர் மெரினா பே நடைபாதையில், கேமராவை நிறுத்தும் மூன்று கால் தாங்கியான ட்ரைபாடை விரித்த என்னிடம் ஒரு காவலாளி அனுமதிக் கடிதம் கேட்டதை ஏற்கெனவே எழுதிவிட்டேன். அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "காவலாளி தன் கடமையைச் செய்தார், அவரிடம் என்ன கோபம்?" என்கிறீர்கள்.

அந்தப் பெரியவர் மீது எனக்குக் கோபமே இல்லை. நாள் முழுவதும் நின்றே வேலை பார்ப்பவர். அப்படிக் கேட்கச் சொல்லி அவரை அனுப்பியவர்கள் மீதுதான் கோபம். சுற்றிலும் அத்தனை பேர் கைபேசியை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ட்ரைபாடை விரித்ததும் அனுமதிக் கடிதம் கேட்டார்கள். அதே தண்ணீர், அதே கட்டடங்கள். மூன்று கால் முளைத்ததும் என் படம் மட்டும் வியாபாரமாகிவிடுமா?

"கைபேசியிலேயே இரவுப் படம் நன்றாக வருகிறதே" என்று ஒருவர். வரட்டும். எனக்கு வேண்டியது பத்து, இருபது விநாடி ஷட்டர் திறந்திருக்கும் படம். 2008இல் மெரினா தடுப்பணை வந்த பிறகு, கடலலை ஏறி இறங்கிய இந்த விரிகுடா நன்னீர்த் தேக்கமானது. காற்று அடங்கினால் 1928இல் கட்டிய ஃபுல்லர்டன் கட்டடமும் அதன் பின்னால் நிற்கும் வங்கிக் கோபுரங்களும் அப்படியே தண்ணீரில் இறங்கி நிற்கும். அதைக் கையில் பிடித்து எடுக்க முடியாது. காத்திருக்கவும் முடியாது. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் அந்தி நீளாது. வான நீலமும் ஜன்னல் விளக்குகளும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருப்பது சில நிமிடங்கள்தான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வானம் கறுத்துவிட்டது.

ட்ரைபாட் தடுக்கி யாராவது விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஓடுபவர்களும் குழந்தை வண்டிகளும் வருகிற பாதைதான். அதனால்தான் கைப்பிடியை ஒட்டி வைத்திருந்தேன். இன்னும் ஓரமாக வைக்கச் சொன்னால் வைக்கிறேன். ஆனால் "அது தனியார் இடம்" என்பவர்கள் ஒன்றைச் சொல்லுங்கள்: பொது நடைபாதை எங்கே முடிகிறது, அவர்கள் இடம் எங்கே தொடங்குகிறது? நான் நின்ற இடத்தில் கோடும் இல்லை, பலகையும் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த என் தாத்தா, இதே கரையில் 1933இல் திறந்த கிளிஃபோர்ட் படகுத்துறையின் முன் நின்று எடுத்துக்கொண்ட படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஊருக்கு அனுப்புவதற்காக எடுத்தது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, மூன்று கால் பெட்டியை நடுவழியில் நிறுத்தி எடுத்தாராம் படக்காரர். அன்று அவரை யாரும் விரட்டவில்லை.

போன பதிவில் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் கேட்டவர் அடுத்து, "எந்த டார்மிட்டரியில் தங்கியிருக்கிறாய்?" என்றார். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைத்தான் கேட்டார். நான் பிறந்ததே இந்த ஊரில். டார்மிட்டரியில் தங்கியிருப்பவராகவே இருந்தாலும்தான் என்ன? ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரைக்கு வந்து ஊருக்கு ஒரு படம் அனுப்பும் உரிமை அவருக்கு இல்லையா? எனக்குப் பத்தடி தள்ளி, என்னுடையதைவிடப் பெரிய ட்ரைபாடோடு ஒரு ஐரோப்பியர் நின்றிருந்தார். அவரிடம் கடிதமும் கேட்கவில்லை, முகவரியும் கேட்கவில்லை. "தற்செயல்" என்று எழுதப் போகிறவர்கள், அந்தக் கேள்வி உங்கள் முகத்துக்கு நேராக வந்த பிறகு எழுதுங்கள்.

அப்படி ஒரு விதி இருந்தால் எழுத்தில் காட்டுங்கள் என்று அவரை அனுப்பிய நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். அதுவரை "விட்டுத் தள்ளுங்கள் அண்ணா" என்று யாரும் எழுத வேண்டாம்.